குப்பையில் பிறந்த குதிரைகள்

'குன்றிமணி குப்பையில் கிடந்தாலும் நிறம் குன்றாது' என்பது நம் முன்னோர் வாக்கு. மேன்மையுடைய பொருள் எவ்விடத்துக் கிடப்பினும் தன் மேன்மையை இழக்காது என்பது அதன் கருத்து. இப்பழமொழியை வகுப்பறையில் விளக்கும் போதெல்லாம் நாம் குன்றிமணியின் பெருமையைப் பேசுகிறோம். அது கிடந்த குப்பையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. ஆயின், வரலாறு பயில்வோனுக்குக் குன்றிமணியைக் காட்டிலும் குப்பையே பெருஞ்செல்வமாகும். அரிக்கமேட்டிலும் கீழடியிலும் மண்ணை அகழ்ந்த அறிஞர்கள் பெரிதும் கண்டெடுத்தவை உடைந்த பானையோடுகளே. அரசர்கள் தம் புகழைக் கல்லில் வெட்டி வைத்தனர். எளிய குடிமக்களோ தம் வாழ்க்கையைத் தாம் அறியாமலே தாம் எறிந்த பொருள்களில் எழுதி வைத்துச் சென்றனர்.

அவ்வாறு எறியப்பட்ட பொருள்களைக் கொண்டே ஒரு மனிதர் தனியோர் உலகைப் படைத்தார். பஞ்சாப், அரியானா என்னும் இரு மாநிலங்களுக்கும் தலைநகராக விளங்கும் சண்டிகரில் 'பாறைத் தோட்டம்' என்று ஓர் இடம் உண்டு. அங்கே குதிரைகளும் கரடிகளும் குரங்குகளும் பறவைகளும் அணியணியாக நிற்கின்றன. உடைந்த வளையல், விரிசல் கண்ட பீங்கான், துருவேறிய மிதிவண்டி, எரிந்து கருகிய செங்கல் ஆகியவையே அவற்றின் உடலும் உறுப்புமாகும். அவற்றைப் படைத்தவர் நேக் சந்த் என்பவர். அவ்விலங்குகள் பிறந்த வரலாற்றையும், அவை எதற்குச் சான்றாக நிற்கின்றன என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கழிபொருளும் கலையும்

கழித்த பொருளைக் கொண்டு விலங்குருவம் சமைப்பது இன்று உலகெங்கும் பரவியுள்ள ஒரு கலை. பள்ளிக் கண்காட்சிகளிலும் அதற்கென ஒரு மேசையாவது ஒதுக்கப்படுகிறது. இக்கலைக்குக் கூடங்களில் இடம் தேடித் தந்தவருள் ஓவியர் பிக்காசோ முதன்மையானவர். 1942ஆம் ஆண்டு, பாரிசு மாநகரம் செருமானியப் படையின் பிடியில் சிக்கித் தவித்த நாளில், அவர் பழைய மிதிவண்டி ஒன்றின் இருக்கையையும் கைப்பிடியையும் ஒன்றாக இணைத்தார். இருக்கை காளையின் முகமாயிற்று, கைப்பிடி கொம்பாயிற்று. இரண்டே பொருள்களில் ஒரு காளைத்தலை உருவாகிவிட்டது. பின்னர் 1950இல் பெண்ணாடு ஒன்றைச் செய்தபோது, பிரம்புக் கூடையை வயிறாகவும், மண்கலங்களை மடியாகவும் அமைத்தார். அதற்கு அடுத்த ஆண்டு செய்த மந்தியின் தலை, குழந்தைகள் விளையாடும் பொம்மைக் கார்கள் இரண்டாலானது.

பிக்காசோ உலகப் புகழ் வாய்ந்தவர். அவர் எதைச் செய்தாலும் கண்டு வியக்க ஓர் உலகமே காத்திருந்தது. நேக் சந்தோ சாலைப் பணிகளைக் கவனிக்கும் எளிய அரசு மேற்பார்வையாளர். சிற்பக் கல்லூரியின் வாயிலை மிதித்தறியாதவர். தம் படைப்பை எவரேனும் பார்த்துவிடுவரோ என்று அஞ்சி அஞ்சி ஆண்டுக் கணக்கில் உழைத்தவர். அந்த அச்சத்தின் காரணத்தை அறிய, அவர் வாழ்ந்த காலத்தை அறிதல் வேண்டும்.

இழந்த ஊரும் எழுந்த நகரும்

1947இல் இந்தியத் துணைக்கண்டம் இரண்டாகப் பிரிந்தபோது பஞ்சாபும் இரண்டாகப் பிளந்தது. அதன் பழம்பெரும் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்கு உரியதாயிற்று. தலைநகரை இழந்த கிழக்குப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் ஒன்று தேவைப்பட்டது. சிவாலிக் மலையடிவாரத்தில் இடம் தேர்ந்தனர். அங்கிருந்த சண்டி தேவியின் கோயிலால் நகர் சண்டிகர் எனப் பெயர் பெற்றது. அது பழமையின் தளைகளிலிருந்து விடுபட்ட நகராக, புதிய நாட்டின் நம்பிக்கைக்கு அடையாளமாக அமைய வேண்டும் என்பது தலைமையமைச்சர் நேருவின் விருப்பம். முதலில் திட்டமிட்ட இருவருள் ஒருவரான நொவிட்ஸ்கி 1950இல் வானூர்தி விபத்தில் மாண்டார். அதன்பின் அப்பணி கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயின் கைக்கு வந்தது. நேர்கோடுகளாலும் சதுரங்களாலும் ஆன நகர் ஒன்றை அவர் வரைந்தார். 1953 அக்டோபர் 7ஆம் நாள், குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அந்நகரைத் தொடங்கி வைத்தார்.

புதிய நகரின் பெருமையைப் பேசும் நூல்கள் பல. அந்நகர் வெற்று நிலத்தில் எழவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. அங்கே இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் இருந்தன. அவ்வூர்களில் அடுப்புகள் எரிந்தன, மாடுகள் கட்டப்பட்டிருந்தன, குழந்தைகள் விளையாடின. நகர் எழுவதற்காக அவ்வூர்கள் கலைக்கப்பட்டன. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு வேறிடம் சென்றனர். அவர்கள் கொண்டு செல்ல இயலாதவை, அல்லது கொண்டு செல்லத் தகுதியற்றவை என எண்ணியவை அங்கேயே கிடந்தன. உடைந்த சட்டிகள், ஓடுகள், பழைய கதவுகள், வளையல் துண்டுகள் என அவை மேடுமேடாகக் குவிந்தன.

அக்குவியல்களைக் கடந்து நாள்தோறும் மிதிவண்டியில் சென்றவர் நேக் சந்த். அவரும் ஊரை இழந்தவரே. 1924இல் ஷகர்கர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடியில் பிறந்தார். பிரிவினையின்போது அவ்வட்டம் பாகிஸ்தான் பக்கம் போயிற்று. அவர் குடும்பம் இந்தியப் பக்கம் வந்தது. 1951இல் சண்டிகரின் பொதுப்பணித் துறையில் அவருக்குச் சாலை மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. தம் ஊரைத் துறந்து வந்த ஒருவர், பிறர் ஊர்கள் மறைவதைக் கண்முன்னே கண்டார். மற்றவர்க்குக் குப்பையாகத் தோன்றியது அவருக்குக் குப்பையாகத் தோன்றாமற் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை.

இரவில் நடந்த வேலை

1950களின் இறுதியில் அவர் தம் வேலையைத் தொடங்கினார். மலையாறுகளின் படுகையில் விலங்கின் சாயலும் மனிதச் சாயலும் கொண்ட கற்களை முதலில் பொறுக்கினார். பின்னர் ஊர்களின் இடிபாடுகளையும், நகரின் கட்டுமானக் கழிவுகளையும் சேர்த்தார். அனைத்தையும் மிதிவண்டியிலேயே ஏற்றி வந்தார். சுக்னா ஏரிக்கு அண்மையில் புதர் மண்டிய பள்ளத்தாக்கு ஒன்றில் அவற்றைக் குவித்தார். அந்நிலத்தில் எவரும் எதுவும் கட்டலாகாது என்பது நகரத் திட்டத்தின் விதி. அரசு ஊழியர் ஒருவர், அரசு நிலத்தில், அரசின் விதிக்கு மாறாகக் கட்டுகிறார் என்று தெரிந்தால் வேலை போய்விடும், கட்டியதும் இடிபட்டுவிடும். ஆகவே பகலெல்லாம் அரசுப் பணி செய்து, மாலையிலும் இரவிலும் அங்கே சென்று உழைத்தார். வெளிச்சத்திற்குப் பழைய டயர்களைக் கொளுத்திக் கொண்டார். அவர் மனைவியார் உடனிருந்து உதவினார். இவ்வாறு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வேலை வெளியுலகம் அறியாமலே நடந்தது.

இங்கே ஒரு முரணை நோக்குதல் தகும். பள்ளத்தாக்குக்கு மிக அருகிலேயே லெ கொர்பூசியே வரைந்த தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உயர்நீதிமன்றமும் எழுந்துகொண்டிருந்தன. வெளிச்சத்தில் ஒரு நகரம் வரைபடத்தின்படி எழுந்தது. இருட்டில், அந்நகரம் கழித்த பொருள்களாலேயே மற்றொன்று வரைபடமின்றி எழுந்தது. இரண்டுக்கும் கல்லும் சிமெண்டும் ஒரே மேட்டிலிருந்து வந்தவை என்றாலும் பொருந்தும்.

மிதிவண்டி குதிரையான விதம்

ஆசிரிய நண்பர் சிலருடன் வடநாட்டுப் பயணம் மேற்கொண்டபோது, அத்தோட்டத்தை நேரிற் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வாயில்கள் மிகத் தாழ்வானவை. அமைச்சராயினும் ஆசிரியராயினும் குனிந்தே உட்புக வேண்டும். நேக் சந்த் வேண்டுமென்றே அவ்வாறு அமைத்தாராம். குறுகிய பாதைகள் வளைந்து வளைந்து செல்கின்றன. ஒரு திருப்பம் முடிந்ததும் ஒரு முற்றம் தோன்றும். அங்கே ஒரு கூட்டம் நம்மை நோக்கி நிற்கும். தனித்து நிற்கும் உருவம் அரிது. ஒரே வகை விலங்கு பத்தும் இருபதுமாய், மேய்ச்சலுக்குப் புறப்பட்ட மந்தைபோல் நிற்கிறது.

அருகிற் சென்று உற்று நோக்கினால்தான் வேலையின் நுட்பம் புலப்படும். மிதிவண்டியின் சட்டம் விலங்கின் உடலாகிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் கவைகள் கால்களாகின்றன. இருக்கை தலையாகிறது. இவ்வாறு அமைத்த எலும்புக் கூட்டின்மேல் சிமெண்டும் மணலும் கலந்த சாந்து அப்பப்படுகிறது. சாந்து ஈரமாயிருக்கும்போதே பீங்கான் துண்டுகளும் ஓட்டுச் சில்லுகளும் கண்ணாடி வளையல் துண்டுகளும் ஒவ்வொன்றாகப் பதிக்கப்படுகின்றன. பாரிசில் பிக்காசோவின் கையில் காளையான அதே மிதிவண்டி இருக்கை, சண்டிகரின் பள்ளத்தாக்கில் வேறொரு விலங்காக மறுபிறவி எடுத்திருக்கிறது. ஆயினும் பிக்காசோவின் காளையில் நாம் கலைஞரின் கூர்மையைக் காண்கிறோம். இவ்விலங்குகளில் பொருளின் பழைய சொந்தக்காரரையும் சேர்த்துக் காண்கிறோம்.

எங்களுடன் வந்த கைவினை ஆசிரியை ஒருவர், விலங்கொன்றின் மேனியைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது ஒரு தேநீர்க் கோப்பையின் விளிம்பு, இங்கே பாருங்கள், பூ வேலைப்பாடு இன்னும் அழியவில்லை" என்றார். யாரோ ஒரு குடும்பத்தார் காலைதோறும் உதட்டில் வைத்துப் பருகிய கோப்பை அது. வளையல்களும் அவ்வாறே. வளையல் உடைவதை நம்மவர் மங்கலக் குறைவாகக் கருதுவர். அத்தோட்டத்திலோ உடைந்த வளையல்கள் மாதர் உருவங்களுக்கு ஆடையாகவும் பறவைகளுக்கு இறகாகவும் மாறி, வெயிலில் பச்சையும் சிவப்புமாக மின்னுகின்றன. அவற்றை அணிந்திருந்த கைகள் எங்கே போயின என்று எந்தக் கல்வெட்டும் சொல்லாது.

இருட்டிலிருந்து வெளிச்சத்திற்கு

1970களின் நடுவில் அம்மறைவிடம் அதிகாரிகளுக்குத் தெரியவந்தது. அதற்குள் ஏறத்தாழ 12 ஏக்கர் பரப்பில் நூற்றுக் கணக்கான உருவங்கள் எழுந்திருந்தன. விதியை நோக்கினால் அவ்வளவும் இடித்துத் தள்ளப்பட வேண்டியவை. அப்போது அதிகாரத்தில் இருந்தோருள் சிலர் விதியோடு பொருளையும் சீர்தூக்கிப் பார்த்தனர். நகர மக்களும் திரண்டு வந்து பார்த்து வியந்தனர். 1976இல் அத்தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நேக் சந்த் சாலை வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார். பாறைத் தோட்டத்திற்கென்றே அவருக்குப் பொறியாளர் பதவி தரப்பட்டது; ஊதியமும் 50 தொழிலாளரும் வழங்கப்பட்டனர். நகரெங்கும் கழிபொருள் சேர்க்கும் இடங்கள் அமைந்தன. எதற்காக வேலையை இழப்போம் என்று அஞ்சினாரோ, அதுவே அவரது வேலையாயிற்று. 1983இல் இந்திய அரசு அத்தோட்டத்திற்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில் உள்ள சிறுவர் அருங்காட்சியகத்துக்கும் அவர் ஒரு தோட்டம் அமைத்துக் கொடுத்தார்.

எனினும் ஒருமுறை காப்பாற்றப்பட்டது என்றும் காப்பாற்றப்பட்டதாகாது. 1990ஆம் ஆண்டு வாக்கில், சாலை அமைப்பதற்காகத் தோட்டத்தின் ஒரு பகுதியை அகற்றப் புல்டோசர்கள் வந்தன. சண்டிகர் மக்கள் கைகோத்துச் சங்கிலியாய் நின்று அவற்றைத் தடுத்தனர். ஊர்களை அகற்றி எழுந்த நகரின் மக்களே, அவ்வூர்களின் எச்சத்தைக் காக்க நின்றது அந்நகர வரலாற்றில் பொறிக்கத் தக்க நிகழ்ச்சி. 1996இல் நேக் சந்த் அயல்நாடு சென்றிருந்த வேளையில், தோட்டத்திற்கு வழங்கிவந்த உதவி குறைக்கப்பட்டது. சிற்பங்கள் பல உடைக்கப்பட்டன. அதன்பின் அன்பர் பலர் நிறுவனம் அமைத்து உதவினர்; பல நாட்டுத் தொண்டர்கள் வந்து உடைந்தவற்றைச் சீர்செய்தனர். உடைந்தவற்றால் ஆன உருவங்கள் மறுபடியும் உடைந்து மறுபடியும் எழுந்தன. 2015 சூன் 12ஆம் நாள், தம் 90ஆம் வயதில் நேக் சந்த் மறைந்தார்.

அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 2016இல், லெ கொர்பூசியேயின் சண்டிகர் அரசு வளாகத்தை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பாறைத் தோட்டம் அவ்வறிவிப்பில் இடம்பெறவில்லை. 2025இல் உயர்நீதிமன்றத்துக்குச் செல்லும் வழியை அகலப்படுத்துவதற்காகத் தோட்டத்து மதிலின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மக்கள் மீண்டும் எதிர்ப்புத் தெரிவித்தனர். வரைபடத்தில் பிறந்தது சட்டத்தின் காவலில் நிற்கிறது. குப்பையில் பிறந்தது இன்றும் மக்களின் அன்பை நம்பியே நிற்கிறது.

எச்சரிக்கையும் நினைவும்

இன்று கழிபொருள் விலங்குகளின் கண்காட்சிகள் பெரும்பாலும் எச்சரிக்கை செய்யும் நோக்குடையவை. கென்யக் கடற்கரையில் ஒதுங்கும் தேய்ந்த இரப்பர்ச் செருப்புகளைச் செதுக்கி யானையும் ஒட்டகச்சிவிங்கியும் செய்கின்றனர். அமெரிக்காவின் ஆரிகன் கரையில் 2010 முதல், கடல் கொணர்ந்து தள்ளும் நெகிழிக் குப்பையைக் கொண்டு மீனையும் கடற்பறவையையும் ஆளுயரத்துக்கு மேல் சமைக்கின்றனர். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டோரஸ் நீரிணையின் தீவு மக்கள், கடலில் கைவிடப்பட்ட மீன்வலைகளால் ஆமைகளைப் பின்னுகின்றனர். எந்தப் பொருள் எந்த உயிரைக் கொல்கிறதோ, அந்தப் பொருளாலேயே அந்த உயிரின் உருவத்தைச் செய்து காட்டுவது நெஞ்சைத் தைக்கும் முறையாகும். 'இனி எறியாதீர்' என்பது அவை கூறும் பாடம்.

நேக் சந்தின் விலங்குகள் கூறுவது வேறு. 'எறிந்தது யாருடையது என்று கேளுங்கள்' என்கின்றன அவை. முன்னையது வருங்காலத்தைப் பற்றியது. பின்னையது கடந்த காலத்தைப் பற்றியது. வரலாறு கற்பிப்போர்க்கு இரண்டாவது கேள்வி மிகவும் நெருக்கமானது.

நம் தோட்டங்கள்

தோட்டம் என்னும் சொல் மலேசியத் தமிழர்க்குத் தனியொரு பொருள் தரும். பாறைத் தோட்டத்தின் முற்றங்களில் நடந்தபோது என் உள்ளம் நம் இரப்பர்த் தோட்டங்களையே நினைந்தது. நாட்டின் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. அதன் கொடுமையைக் கண்டே துன் சம்பந்தனார் முயற்சியில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் இரப்பர் செம்பனையாயிற்று. செம்பனை வீடமைப்புப் பகுதியாயிற்று. லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணங்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்தனர். நாடு விடுதலை பெற்றபோது எண்ணூற்றுக்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சில்லறையாகக் குறைந்துவிட்டன. புதிய குடியிருப்பின் வாயிலில் நிற்கும் பலகையைப் படிப்பவர், அங்கே ஒரு பிரட்டுக்களம் இருந்ததென்றோ, விடியுமுன் மணியோசை கேட்டதென்றோ அறியமாட்டார்.

அம்மக்கள் விட்டுச் சென்றவை எங்கே? பால்வெட்டு உளி எங்கே? மங்கு எங்கே? இரு பக்கமும் வாளிகளைச் சுமந்த காண்டாக் கம்பு எங்கே? பெரும்பாலும் பழைய இரும்பு வாங்குவோரின் எடைக்கல்லுக்கு எதிரே போய்ச் சேர்ந்தன. நேக் சந்தின் மிதிவண்டியைப் போன்ற மிதிவண்டிகள்தாம் நம் தந்தையரையும் காட்டுக்குள் சுமந்து சென்றன. அவற்றைக் குதிரையாக்கி நிறுத்த நம்மிடையே ஒருவர் தோன்றவில்லை.

பெருந்தோட்டம் அமைக்க எல்லாராலும் இயலாது. ஒரு பள்ளியின் மூலையில் ஓர் அலமாரி வைக்க எவராலும் இயலும். தோட்டத்திலிருந்து வந்த ஒவ்வொரு குடும்பத்திலும் ஏதேனும் ஒரு பழம்பொருள் இன்னும் கட்டிலுக்கடியிலோ கொட்டகையிலோ கிடக்கும். அதை மாணவர் கொண்டுவரட்டும். அது யார் கையில் இருந்தது, எந்தத் தோட்டத்தில் இருந்தது, எந்த ஆண்டு அத்தோட்டத்தை விட்டு வந்தனர் என்று தாத்தா பாட்டியரிடம் கேட்டு, ஒரு சிறு தாளில் எழுதி அதனோடு ஒட்டட்டும். கைவினைப் பாடத்தில் அவற்றுள் உடைந்தவற்றைக் கொண்டு ஒரு காளையோ மயிலோ செய்வதாயினும் நன்றே. செய்யும்போது மாணவன் கேட்கும் கேள்விகளே அவனுக்கு வரலாற்றுப் பாடமாகும். அவற்றுக்கு விடையளிக்கத் தக்க முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவோமாக.